சேற்றையும் சேர்த்துப் படமெடுங்கள்

செப்டம்பர் மாதத்துச் சில காலைகளில் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கடல் தெரியாது. ஜார்ஜ்டவுனும் தெரியாது. கீழே தாவரவியல் பூங்காவின் மரத்தலைகள் சாம்பல் பூசியதுபோல் கொஞ்சம் தெரியும். அதற்கப்பால் வெறும் வெளிறல். 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் சுமத்ராவின் சதுப்புக் காடுகள் எரிந்து வந்த புகைமூட்டத்தில் பினாங்கின் பள்ளிக்கூடங்களையே மூட வேண்டியிருந்தது.

அதே வாரங்களில்தான், கண்ணுக்கு எட்டாமல் போன எதிர்க்கரையில், சைபீரியாவிலிருந்தும் ஓக்கோட்ஸ்க் கடலோரத்திலிருந்தும் கிளம்பிய கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வரவு ஆகஸ்டில் தொடங்கும். ஏப்ரலில் கடைசிக் கூட்டம் கிளம்பும்வரை, பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரைக்கும் நீளும் சேற்றுக்கரைதான் அவற்றுக்கு வீடு. பறவைப் படம் எடுப்பவர்கள் பலர் இப்படி மங்கிய நாள்களில் கேமராவைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். வானம் தெளியட்டும், வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். துணிந்து போகிறவர்களோ வெளிச்சக் குறைவை நெருங்கிப் போய் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. மூட்டமான காலையில் போக வேண்டும். போனால் எட்டியே நிற்க வேண்டும். எடுக்கிற படத்தில் பறவையோடு அது நிற்கிற சேறும் இருக்க வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் யாரும் எந்தப் படத்துக்காகவும் வெளியே போக வேண்டியதில்லை. பேச்சு அந்த நாள்களைப் பற்றியதல்ல. மெல்லிய புகை தங்கிய காலைகள், இரவு மழைக்குப் பின் அலையாத்திக் காட்டின் ஓரம் பால்போல் எழும் ஆவி, ஏழு மணிக்கு மேல் எழுந்தும் மேகத்தை விட்டு வெளிவராத சூரியன் என்று சாதாரண மங்கல்களே பினாங்கில் ஏராளம்.

அந்தக் கரையைப் பலர் பெர்ரியிலிருந்து தூரத்துப் பச்சைக் கோடாகத்தான் பார்த்திருப்பார்கள். அருகே போனால் அது வேறு உலகம். கடல் வற்றும்போது பளபளக்கும் சேறு வெகுதூரம் விரியும்; முழங்கால் புதையும் சேறு. வடகோடியில் கோலா மூடாவின் புகழ்பெற்ற கிசுகிசுச் சந்தை. 'பாசார் பீசிக்' என்று மலாயில் சொல்வார்கள். மீனை ஏலம் எடுப்பவர் விலையை உரக்கக் கூவுவதில்லை, விற்பவரின் காதில் மெதுவாகச் சொல்கிறார். அந்த மீனையும் நண்டையும் சிப்பியையும் ஊட்டி வளர்க்கிற சேறுதான் பறவைகளையும் வளர்க்கிறது. பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு இக்கரையை முக்கியப் பறவை வாழிடமாகப் பட்டியலிட்டிருக்கிறது. வடக்கே ரஷ்யாவும் அலாஸ்காவும், தெற்கே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் என 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் வலசைத் தடத்தில், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்தும் தடத்தில், இது ஓர் இன்றியமையாத தங்குமிடம்.

இங்கே வருபவற்றில் நோர்ட்மன் பச்சைக்காலி ஒன்று. உலகம் முழுவதிலும் சேர்த்தே ஏறக்குறைய இரண்டாயிரம்தான் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் பறவை. பினாங்கில் ஒரு பெரிய தொடக்கப்பள்ளியின் காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது.

இனி மூட்டத்துக்கு வருவோம். நீர்த்துளிகளாலான மூடுபனி எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும், அதனால் வெண்மை. புகையின் நுண்துகள்கள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும். அதனால்தான் புகைமூட்ட நாளில் சூரியன் செம்பழம்போல் தெரிகிறது, பொருள்கள் மஞ்சளாகப் பழுத்துப்போகின்றன. கேமராவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எங்கும் வெண்மையைக் கண்டால் வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளைப் பனியைச் சாம்பல் சேறாகக் காட்டும். அதை நம்பாமல் ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ கூட்டிவைப்பதுதான் முதல் பாடம். ஆட்டோஃபோகஸும் திணறும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலான எல்லையைத் தேடித்தான் அது பிடிக்கிறது. மூட்டம் அந்த எல்லையைத்தான் முதலில் அழிக்கிறது. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பறவையின் உடல் வெளிறிய சேற்றோடு சேரும் விளிம்பில் குறிவைத்தால் பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் கையால் திருப்ப வேண்டியதுதான்.

ஃபிளாஷைப் பற்றி ஒரே வரி போதும்: அது துளிகளில் பட்டுத் திரும்பி வந்து படத்தையும் கெடுக்கும், பறவையையும் மிரட்டும்.

பினாங்குக்கென்றே ஒரு தனி மூட்டம் உண்டு. இரவெல்லாம் ஏர்கான் அறையில் குளிர்ந்து கிடந்த கேமராவை விடியற்காலை ஐந்தரை மணி ஈரக் காற்றில் வெளியே எடுத்த நொடியில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். கேமராப் பையை முந்தைய இரவே காரின் பின்பெட்டியில் வைத்துவிடுவது எளிய தீர்வு. மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் வீணல்ல. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் கண்ணுக்குத் தெரியாத, கரைப்பறவையான கோட்டானின் நீண்ட குரலிலிருந்து கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நெருங்கிப் போகும் பழக்கத்துக்கு வருவோம். நானூறு மில்லிமீட்டர் லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் எவ்வளவு மூட்டமான காற்று இருக்கிறதோ அவ்வளவுக்குப் படம் வெளிறும். எனவே பத்து அடி முன்னே போனால் கொஞ்சம் தெளியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து அடிக்கான விலையைப் பறவை கொடுக்கிறது. தெளிந்த நாளில் மனிதர் வருவதைத் தூரத்திலேயே பார்த்து அது நடந்து விலகிக்கொள்ளும். மூட்டத்தில் உருவம் திடீரென்று கண்முன் எழும். ஒன்று எழுந்தால் கூட்டமே எழும்.

எழுந்தால் என்ன, மறுபடி உட்காராதா என்று கேட்பவர்கள் பட்டைவால் மூக்கனின் கதையைக் கேட்க வேண்டும். 2022இல் அலாஸ்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பறவை, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. இந்த இனப் பறவைகள் நெடும்பயணத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பாரத்தைக் குறைக்கக் குடலையும் ஈரலையும்கூடச் சுருக்கிக்கொள்கின்றன. பினாங்குக் கரையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பறவைகள் தின்பது அன்றன்றைய பசிக்காக மட்டுமல்ல. வடக்கே போகும் வழிச்சோற்றைச் சேர்க்கின்றன என்றே சொல்லலாம். சேறு திறந்திருக்கும் சில மணி நேரத்தில் மூன்று முறை கலைத்தால், அந்தச் சோற்றில் மூன்று முறை கைவைத்ததாகும். ஒரு படத்துக்காக இதைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை. ட்ரோன் பறக்கவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

நெருங்காமல் படம் எடுக்க வழி இருக்கிறது. அதை மீனவர்கள் எப்போதும் அறிவார்கள்: கடலின் நேரம். வற்றிய நேரத்தில் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். நீர் ஏற ஏற, அது சேற்றை மூட மூட, அவை கரைப்பக்கமாகத் தள்ளப்பட்டு வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், அலையாத்தி மரத்தடியிலோ வரப்போரமோ தாழ உட்கார்ந்து, லென்ஸுக்கு அடியில் ஒரு மணல்மூட்டையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் போதும். பறவையே வரும். ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்காமல் கேமராவின் விலையை மட்டும் கூட்டிக்கொண்டு போவதால் பயனில்லை.

பறவையின் நடையைத் தெரிந்துகொண்டால் குறைந்த வெளிச்சமும் பெரிய தடையாக இருக்காது. உப்புக்கொத்திகள், கோட்டான்கள், மூக்கன்கள் என்று ஒன்றாகத் தெரிகிற கூட்டத்தில் இரண்டு வகைத் தீனி முறைகள் இருக்கின்றன. உப்புக்கொத்திகள் பெரிய கண்ணுடையவை, பார்த்துத் தின்பவை. ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், மறுபடி ஓடும். அந்த நிற்கும் நொடியில் ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு விநாடியாக இருந்தால்கூடப் படம் கூர்மையாக விழும். மூக்கன்கள் அலகால் தடவித் தின்பவை. அலகு நுனியிலுள்ள நுண்ணிய உணர்வு உறுப்புகள் சேற்றுக்குள் இருக்கும் புழுவைக் காட்டிக்கொடுக்கின்றன; அதனால் இருட்டிலும் மூட்டத்திலும் அவற்றின் சாப்பாடு நிற்பதில்லை. தையல் இயந்திர ஊசிபோல அந்தத் தலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். அதை உறையவைக்க ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். ஐஎஸ்ஓவை மூவாயிரம், ஆறாயிரம் என்று ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் புள்ளிகள் தெறிக்கும். தெறிக்கட்டும். புள்ளிகள் தெறித்த உண்மையான படம், பறவையை விரட்டி எடுத்த வழவழப்பான படத்தைவிட மேல்.

உயிரை அதன் வாழிடத்தோடு சேர்த்துக் காட்டும் இந்தக் கருத்துக்குத் தமிழில் ஒரு முன்னோடி இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையில் இருந்துகொண்டு இந்தியக் காடுகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைப் பத்தி எழுதிவந்தார். வெவ்வேறு பாகங்களைத் தாமே கோத்து உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அவர் படங்களில் விலங்கு மட்டும் தனியாக வெட்டி எடுக்கப்பட்டிருக்காது. அது நிற்கும் புல்லும் மரமும் நிழலும் கூடவே இருக்கும். அந்த விலங்கு எங்கே வாழ்கிறது, எதை நம்பி வாழ்கிறது என்று படமே சொல்லும். நிறமும் இல்லை, இன்றைய லென்ஸும் இல்லை. மூட்டமான காலையில் பினாங்குக் கரையில் நிற்பவருக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே கறுப்பு வெள்ளைதான். அதைக் குறை என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

மூட்டம் நெருக்கப் படத்தை மறுக்கிறது. பறவையைச் சிறிதாக்கி, சுற்றியுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மீனவர் நட்ட கழிகள், சேற்றில் அவர்கள் தள்ளிப்போன பலகையின் தடம், கரை ஒதுங்கிய நெகிழிப் பைகள், பின்னால் பேய்போல நிற்கும் கட்டுமானக் கிரேன் எல்லாம் சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. பினாங்குப் பறவைகளுக்கு இன்று தேவைப்படுவது அப்படிப்பட்ட படம்.

ஜார்ஜ்டவுனின் கடலோரச் சாலையான கர்னி டிரைவை நினைத்துப் பாருங்கள். மாலை நடைக்கும் பசம்பூர் தின்னவும் அங்கே போனவர்களுக்குத் தடுப்புச்சுவருக்கு அப்பால் இருந்த சேறு நினைவிருக்கும். நீர் வற்றிய வேளையில் கொக்குகளும் உள்ளான்களும் அதில் மேய்ந்தன. அடுக்குமாடிகளுக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்திலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் ஒரு சேற்றுவெளி. எத்தனை நகரங்களுக்கு அது வாய்க்கும்? தஞ்சோங் தோக்கோங்குக்கு அப்பால் 760 ஏக்கர் கடலைத் தூர்க்கும் திட்டத்தோடு கர்னி கரையில் 131 ஏக்கரும் சேர்ந்தது. அந்தச் சேற்றின் மேல் மண் கொட்டி உயர்த்தி, இன்று கர்னி பே என்ற பூங்கா. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆனால் அங்கே என்ன இருந்தது என்று அந்தக் குழந்தைகள் கேட்டால் எந்தப் படத்தைக் காட்டுவது? கொக்கின் கண்ணில் மட்டும் கூர்மை விழுந்து, பின்னணி முழுவதும் வெண்ணெயாக உருகிய படம் அழகானதுதான். அது கர்னியில் எடுத்ததா, கோலா சிலாங்கூரில் எடுத்ததா, பள்ளிக்கரணையில் எடுத்ததா என்று எடுத்தவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. சாட்சி சொல்ல வேண்டிய படம், தான் எங்கே நின்றது என்பதையே மறந்துவிடுகிறது.

சேறு போனால் பறவை வேறிடம் போய்விடும் என்ற சமாதானம் எங்கும் சொல்லப்படுவது. தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டது. அங்கே பல்லாயிரக்கணக்கில் தங்கிச் சென்ற கிரேட் நாட் என்ற உள்ளான் இனம் பக்கத்துக் கழிமுகங்களுக்கு மாறிப் பிழைத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கையே சரிந்தது. 2015இல் அது அருகிவரும் இனங்களின் பட்டியலுக்கு ஏறியது. அதே பறவை பினாங்குக் கரைக்கும் வருவது. கொரியாவில் ஒரு சுவர் எழுந்தால் தெலுக் ஆயர் தாவாரில் கூட்டம் இளைக்கும். இங்கே கரை போனால் சைபீரியாவில் கூடு காலியாகும்.

இந்தத் தொடர்பைக் கண்ணால் காட்டக்கூடிய பொருள் ஒன்று உண்டு. சில பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய சிறு நிறப்பட்டை இருக்கும். தடத்திலுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். மஞ்சள் என்றால் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை. ஆரஞ்சு என்றால் விக்டோரியா மாநிலம். பட்டையில் எழுத்து இருந்தால் அந்தத் தனிப் பறவையின் வரலாறே கிடைக்கும். மூட்டத்தில் நிறம் வெளிறி எல்லாம் சாம்பலாகத் தெரியும் என்பதால், ரா கோப்பாக எடுத்துப் பின்னர் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்ய இடம் வைத்துக்கொள்வது முக்கியம். இந்தச் செபராங் பிறைக் கரை மேற்கு நோக்கியது. காலையில் வெளிச்சம் படமெடுப்பவரின் முதுகுப்பக்கத்திலிருந்து வரும். பட்டையின் நிறம் அப்போது தெரியும். மாலையில் எதிர்வெயில், நிறம் போய்விடும், வடிவம் மட்டும் நிற்கும். வடிவமும் வீணல்ல. தடித்த அலகும் குட்டையான காலும் கொண்ட நோர்ட்மன் பச்சைக்காலியைச் சாதாரணப் பச்சைக்காலியிலிருந்து நிழலுருவிலேயே பிரித்தறியும் பறவை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு மங்கல் படம், நாளும் நேரமும் இடமும் எழுதப்பட்டிருந்தால், நாளை ஒரு கரைத்திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்துக் கடிதத்தோடு இணைக்கத் தகுந்த ஆவணம்.

போட்டிகளின் நடுவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்பார்கள். பறவைக் கையேடுகளுக்கு ஒவ்வோர் இறகும் தெரியும் படங்கள் வேண்டும் என்பதும் சரிதான். அவற்றை எடுக்க நல்ல நாளும் நல்ல ஏற்றமும் வரத்தான் செய்கின்றன. கூட்டின் இருப்பிடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் அப்படியே இருக்கட்டும். இங்கே கேட்பது வேறு. கேமரா மன்றங்கள் தங்கள் போட்டிகளில் பறவையும் அதன் வாழிடமும் சேர்ந்த படங்களுக்கென ஒரு பிரிவு வைக்கலாம். தமிழ் நாளிதழ்கள் 'அழகிய பறவை' என்று மட்டும் தலைப்பிட்டுப் படம் போடுவதை விட்டு, ஊர், நாள், கடல் ஏறிய நேரம், பறவையின் பெயர் ஆகிய நான்கையும் அச்சிடலாம். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தச் சேற்றில் ஒரு பவளக்காலியைப் பார்த்திருப்பார்கள்? அதற்கு விலையுயர்ந்த லென்ஸ் வேண்டாம். கைப்பேசியில் எடுத்தால் பறவை புள்ளியாக இருக்கும், சேறு முழுதாக இருக்கும்.

புகைமூட்டத்தையே பதிவு செய்வதற்கும் காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டுப் புகையின்போது சிங்கப்பூரில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து ஆராய்ந்தவர்கள், பறவைகளும் பூச்சிகளும் எழுப்பும் ஒலி வெகுவாக அடங்கிப்போனதையும், புகை விலகிப் பதினாறு வாரம் கழிந்தும் அது முழுதாகத் திரும்பாததையும் கண்டார்கள். மனிதருக்கு முகக்கவசம் உண்டு, மூடிய வகுப்பறை உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்து இந்தப் புகைக்குள் இறங்கும் பறவைக்கு எதுவும் இல்லை. அது பற்றிய படங்கள் நாளிதழ்களில் வந்தால், மாசுக் குறியீட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் உயிரும் நிற்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இல் தொடங்கியது. பினாங்கில் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும் தைப்பூசமும் அதையொட்டியே வரும். அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, ஏற்ற நேரம் பார்த்து, பெர்ரியிலோ பாலத்திலோ எதிர்க்கரைக்குப் போய்த் தெலுக் ஆயர் தாவாரில் உட்கார்ந்து எடுக்கும் படத்தில் என்ன இருக்கும்? கீழே முக்கால் பங்கு சேறு. நடுவில், நீர் விளிம்பில், பத்துப் பதினைந்து சிறிய உருவங்கள். ஒன்றின் காலில் மஞ்சளாக ஏதோ. மேலே வெளிறிய வானத்தில், கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு செங்குத்துக் கோடு. அது ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரம்.